கோடுகளைப் படித்தவர்கள்

ஈஈஜி என்றால் வலிப்புக்கு எடுக்கும் பரிசோதனை என்றுதான் நம் ஊரில் பேச்சு. மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஈஈஜி அறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சீட்டோடு என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வலிப்புக்காகத்தான் வந்தார்கள். இருந்தாலும் இந்தத் தொழில் பிறந்தது வலிப்பு வார்டில் இல்லை. மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் மூளையின் மின் அலையைப் பிடித்தவர் ஒரு மனநல மருத்துவமனையின் தலைவர். மனம் எந்தச் சக்தியில் ஓடுகிறது என்று தேடப் போனவர் கையில் அகப்பட்டதுதான் ஈஈஜி.

இப்போது செயற்கை நுண்ணறிவு மூளை அலையைப் படித்து மனச்சிதைவைக் கண்டுபிடிக்கிறது, மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிறது, எந்த மாத்திரை யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்கிறது என்றெல்லாம் அடிக்கடி செய்தி வருகிறது. பொய் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு இது முதல் தடவை இல்லை. ஈஈஜி தாளில் ஓடும் கோட்டைப் பார்த்தே ஒருவருடைய புத்தி பேதலிப்பைச் சொல்லிவிடலாம் என்று நூறு வருஷமாகத் தலைமுறைக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார். முதலில் வெறும் கண்ணால் படித்தார்கள், பிறகு கணக்குப் போட்டுப் படித்தார்கள், பிறகு வண்ணப்படமாக்கிப் படித்தார்கள், இப்போது கணினியையே படிக்கச் சொல்கிறார்கள். காரியம் கெட்டது பெரும்பாலும் ஒரே இடத்தில்: நோயாளியை யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற இடத்தில்.

யேனா ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக நகரம், சைஸ் கம்பெனி லென்ஸுக்குப் பேர்போனது. அங்கிருந்த மனநல மருத்துவமனையில் 1897இல் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர் ஹான்ஸ் பெர்கர். 1919இல் அதற்கே தலைவரானார். வாலிப வயதில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரை தடுமாறி, பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்து மயிரிழையில் தப்பியவர். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்கா அடம்பிடித்ததால், சுகமா என்று கேட்டு அப்பா கொடுத்த தந்தி. அதைத் தற்செயல் என்று பெர்கர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மனத்துக்கு ஒரு சக்தி உண்டு, அது வெளியே போகிறது, அப்படியானால் அதை அளக்கவும் முடியும் என்று நம்பினார். நம் பக்கத்தில் யாராவது இப்படிச் சொன்னால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஜெர்மானியப் பேராசிரியர் சொன்னதால் வரலாறாகிவிட்டது.

முதலில் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார். பிறகு மூளையின் வெப்பத்தை அளந்து 1910இல் அதைப் பற்றி ஒரு நூலே போட்டார். மனச் சக்தி எதிலும் சிக்கவில்லை. மூன்றாவதாகத்தான் மின்சாரத்துக்கு வந்தார். முயல், குரங்கு மூளையில் மின்னோட்டம் இருப்பதை லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875லேயே காட்டியிருந்தார். மனிதரிடம் யாரும் எடுத்ததில்லை. 1924 ஜூலை 6ஆம் தேதி, மண்டையோட்டில் அறுவை சிகிச்சை நடந்த 17 வயதுப் பையன் ஒருவனுக்கு எலும்பு இல்லாத இடத்தில் மின்முனைகளை வைத்துப் பார்த்தபோது கால்வனாமீட்டர் ஆடியது. அதை அவர் உலகத்துக்குச் சொன்னது 1929இல். நடுவில் ஐந்து வருஷம் வெளியே மூச்சுவிடவில்லை.

அந்த ஐந்து வருஷத்தை டாக்டர்களைவிட டெக்னீஷியன்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். தலைத்தோலில் கிடைக்கும் ஆல்ஃபா அலை ஐம்பது மைக்ரோவோல்ட் அளவுக்குத்தான் வரும்; ஒரு வோல்ட்டில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதை எடுக்க உட்கார்ந்தால் அதைவிடப் பெரிதாக வேறு எல்லாம் வந்து விழும். கண் சிமிட்டினால் முன்தலைக் கோடு குதிக்கும். பல்லைக் கடித்தால் தாளே கறுத்துவிடும். வியர்த்தால் கோடு மெதுவாக ஊசலாடும். பக்கத்து அறையில் ஏதாவது மோட்டார் ஓடினால் ஐம்பது ஹெர்ட்ஸ் வந்து எல்லாச் சேனலிலும் உட்காரும். இதையெல்லாம் சேர்த்து ஆர்ட்டிஃபாக்ட் என்போம். அறை வாசலில் நின்று நான் அதிகம் சொன்ன வாக்கியம் ‘தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க’ என்பதாகத்தான் இருக்கும். சொல்லியும் எண்ணெய் பளபளக்க வருவார்கள். வகிடெடுத்து, அந்த இடத்தைப் பஞ்சால் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மின்முனையை அழுத்தி, மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடியும் தேய்க்க வேண்டும். இருபத்தொரு இடத்தில் இதைச் செய்து முடிப்பதற்குள் ‘கரண்ட் வைக்கப் போறீங்களா?’ என்று ஒருவராவது அழுதுவிடுவார். ஷாக் ட்ரீட்மென்ட்டும் இதுவும் ஒன்று என்றே பலரும் நினைத்தார்கள். ‘கரண்ட் உங்க தலையிலதாம்மா இருக்கு, நான் வாங்கிக்கத்தான் போறேன்’ என்பேன்.

பெர்கரிடம் பேஸ்ட்டும் இல்லை, பெருக்கியும் இல்லை. மின்சாரத்தில் பெரிய ஞானமும் அவருக்கு இல்லை. தான் பார்ப்பது மூளையா, நாடித் துடிப்பா, தலைத்தோலின் தசையா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே எடுத்தார். மகன் கிளாவுஸை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணை மூடியிருக்கும்போது நொடிக்குப் பத்து வீதம் வரும் ஆல்ஃபா அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுவதைக் கண்டார். இன்றைக்கும் ஒரு மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் முதலில் சொல்வது அதுதான்: கண்ணை மூடுங்க, திறங்க, மூடுங்க. இத்தனை செய்தும் அவர் பேச்சை உள்ளூரிலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றிருந்த எட்கர் ஏட்ரியன் 1934இல் கேம்பிரிட்ஜில் மேத்யூஸ் என்ற சகாவோடு சேர்ந்து தானும் எடுத்துப் பார்த்து, இவர் சொன்னது சரிதான் என்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

தன் வார்டில் இருந்தவர்கள் பலரையும் பெர்கர் எடுத்துப் பார்த்தார். மூளைத் தேய்வு, கட்டி, வலிப்பு ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தது. எதற்காக இந்த வேலையில் இறங்கினாரோ அந்த மனநோய்களில், மனச்சிதைவுக்கு இதுதான் அடையாளம் என்று ஒரு கோட்டைக்கூட அவரால் காட்ட முடியவில்லை.

இந்த இடத்தில் பழைய பாடப் புத்தகங்கள் பெர்கரை நாஜிகள் விரட்டிவிட்டார்கள், மனம் நொந்து செத்தார் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நாங்கள் படித்ததும் அப்படித்தான். பிற்பாடு ஆவணங்களைத் துருவியவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது: மனச்சிதைவு, பித்தும் சோர்வும் மாறிவரும் நோய், பரம்பரை வலிப்பு, பிறவி மந்தம் போன்றவை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. அதைத் தீர்மானிக்க மருத்துவர்களும் நீதிபதியும் சேர்ந்து உட்காரும் ‘மரபு நல’ நீதிமன்றங்கள். சுமார் நான்கு லட்சம் பேருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் கருத்தடை நடந்தது. யேனாவில் மேல்முறையீட்டை விசாரித்த நீதிமன்றத்தில் பெர்கரும் ஓர் உறுப்பினர். 1938இல் வழக்கமான வயதில் ஓய்வுபெற்றார். 1941 ஜூன் 1ஆம் தேதி, மனச்சோர்வில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனச்சிதைவுக்குத் தனி அலை கிடையாது என்று உலகத்தில் வேறு எவரையும்விட நன்றாகத் தெரிந்த மனிதர், ‘இவருக்கு மனச்சிதைவு’ என்ற ஒற்றை வரியை வைத்து ஒருவருடைய வம்சத்தையே நிறுத்தும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அலையைக் கண்ட அந்தப் பொறுமை அந்த மேசையில் எங்கே போனது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஈஈஜிக்கு வேலை கிடைத்தது பாஸ்டனில். 1935இல் அங்கே ஃபிரெட்ரிக் கிப்ஸ், அவர் மனைவி எர்னா கிப்ஸ், ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லெனக்ஸ் ஆகியோர், சில நொடி பேச்சு நின்று வெறித்துப் பார்க்கும் குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறி மாறி வருவதைக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் மறக்கவே முடியாது. மூச்சை இழுத்து இழுத்து விடச் சொல்லி மூன்று நிமிஷம் ஆவதற்குள் ஒரு பெண் குழந்தைக்கு அது வரும். தாளில் கோடு போடும் எட்டுப் பேனாவும் ஒரே சமயத்தில் எழும்பி இறங்கும். நின்றதும் குழந்தை மறுபடி ஊதத் தொடங்கும், நடுவே ஒன்றுமே நடக்காத மாதிரி. அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், வாசலில் நிற்கும் வாட்ச்மேனே சொல்லிவிடுவார். கிப்ஸ் கேட்டதற்காக ஆல்பர்ட் கிராஸ் என்ற இளம் பொறியாளர் இயந்திரம் செய்து கொடுத்தார். பின்னாளில் அந்தப் பெயர் எங்கள் தொழிலில் மிக்சி, கிரைண்டர் கம்பெனி மாதிரி வீட்டுப் பெயராகிவிட்டது. வலிப்பு மெல்ல மெல்ல மனநலத் துறையின் கையைவிட்டு நரம்பியல் துறைக்குப் போனதில் ஈஈஜிக்குப் பெரிய பங்குண்டு. மனநலத் துறை தான் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த கணக்குத்தான்.

ஆனாலும் ஆசை விடுமா? வலிப்பைக் காட்டிய கோடு கோபத்தையும் காட்டாதா, திருட்டுப் புத்தியைக் காட்டாதா என்று ஆரம்பித்தார்கள். 1938இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராட்லி மருத்துவமனையில் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் சார்லஸ் பிராட்லியும் அடங்காத பிள்ளைகளை எடுத்துப் பார்த்து, பலருக்கு அலை கோணலாக இருக்கிறது என்றார்கள். போர்க் காலத்து இங்கிலாந்தில் டெனிஸ் ஹில், சமூகத்துக்கு அடங்காத ஆட்களுக்கு அலை மெதுவாக இருக்கிறது என்றார். 1949இல் கொலை வழக்குக் கைதிகளின் தலையிலும் மின்முனை ஏறியது.

1951இல் கிப்ஸ் தம்பதி தூக்கத்தில் வரும் ஒரு கோட்டைப் பதிவு செய்தார்கள். நொடிக்கு 14, 6 என்ற வேகத்தில் வரும் சிறு கூர்முனைகள். தலைவலி, வயிற்றுவலி, திடீர்க் கோபம் என்று வந்த பிள்ளைகளிடம் அது அடிக்கடி தெரிந்தது. உடனே அதற்கு நோய் என்ற பட்டம் கிடைத்தது, வலிப்பு மாத்திரையும் கிடைத்தது. பதினைந்து வருஷம் கழித்து 1966இல்தான் ஓர் ஆய்வுக் குழு, எந்தக் குறையும் இல்லாத பதின்பருவப் பையன்களைத் தூங்கவைத்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட பையன்களிடம் அதே கோடு இருந்தது. இத்தனை வருஷமும் யாரும் வலி இல்லாத பிள்ளையைத் தூங்கவைத்துப் பார்க்கவில்லை. வலி இருக்கிற பிள்ளையைத்தானே அம்மா கூட்டிக்கொண்டு வருவாள்! இன்று அந்தக் கோட்டைப் பார்த்தால் ‘இயல்பான மாறுபாடு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

இந்தப் பிழை நீதிமன்றம் ஏறிய கதையும் உண்டு. 1963 நவம்பர் 24ஆம் தேதி, கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை, டல்லாஸ் போலீஸ் நிலையத்திலேயே, தொலைக்காட்சிக் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார் ஜாக் ரூபி. கோடிப் பேர் பார்த்த கொலையில் ‘இவர் செய்யவில்லை’ என்று வாதாட முடியாது. ரூபியின் வக்கீல் மெல்வின் பெல்லி, ‘செய்தார், ஆனால் நினைவோடு செய்யவில்லை’ என்று எடுத்தார். ஆதாரம்: ஈஈஜி. அப்போது சிகாகோவில் இருந்த ஃபிரெட்ரிக் கிப்ஸே சாட்சிக் கூண்டுக்கு வந்தார். ரூபியின் பதிவில் ‘சைக்கோமோட்டார் வேரியன்ட்’ என்ற அரிய வகை வலிப்பின் அலை இருக்கிறது என்று சாட்சி சொன்னார். அரசுத் தரப்பில் வந்த டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ஜூரிகளும் கோட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். 1964 மார்ச் 14ஆம் தேதி மரண தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணைக்கு முன்பே 1967 தொடக்கத்தில் ரூபி இறந்துபோனார். அந்த அலை என்ன ஆயிற்று? நெற்றிப்பொட்டு அருகே நொடிக்கு ஐந்தாறு வீதம் தாளம் போட்டாற்போல் வரும் அந்தக் கோடு, அரைத்தூக்கத்தில் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வருகிறது என்று அதற்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டின. இப்போது அதுவும் ‘இயல்பான மாறுபாடு’ பட்டியலில்தான் இருக்கிறது. வழக்கே உயிர்போகும் வழக்கு. சாட்சி சொன்னவரோ அந்தத் துறையின் பிதாமகர்.

கண்ணை நம்ப முடியாது, கணக்குப் போடுவோம் என்று கிளம்பியவர்கள் அடுத்த தலைமுறை. இந்த எண்ணமும் பழையதுதான். அலையை வேக வாரியாகப் பிரித்து எது எவ்வளவு என்று பார்க்கும் வேலையை 1938லேயே கிராஸும் கிப்ஸும் செய்தார்கள். பிரிஸ்டலில் கிரே வால்டர் 1943இல் அதற்கென்று தானியங்கிக் கருவியே செய்தார். கணினி மலிவானதும் கணக்கு சுலபமாகிவிட்டது. 1970களில் நியூயார்க்கில் ராய் ஜான் என்பவர், இயல்பான ஆட்களின் அலைகளைச் சேர்த்து ஒரு பெரிய அட்டவணை போட்டு, வந்தவரை அதோடு ஒப்பிட்டு விலகலைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். யோசனை நல்ல யோசனை. ஒப்பிட ஆள் வேண்டும் என்பதை அவராவது முதலிலேயே உணர்ந்திருந்தார். அதே காலத்தில் பாஸ்டனில் ஃபிராங்க் டஃபி அலைகளை வண்ணப்படமாக்கினார். மூளை சிவப்பும் நீலமுமாகத் திரையில் வந்தது. கோட்டுக்கு மயங்காதவர்கள் வண்ணத்துக்கு மயங்கினார்கள். எங்கள் பக்கத்து ஆய்வகங்களிலும் பிரெய்ன் மேப்பிங் என்று பலகை ஏறியது. ஒரு தடவை கண் சிமிட்டல் முழுக்க நெற்றியில் சிவப்பாக விழுந்த படத்தோடு ஒருவர் வந்தார். அதைக் காட்டி அவருக்கு முன்மூளை பாதிப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூலக் கோட்டை யாரும் பார்க்கவில்லை. 1997இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியே உட்கார்ந்து பேசி, மனநோயைக் கண்டறிய இந்த வகைக் கணக்கும் படமும் இன்னும் போதாது என்று அறிக்கை விட்டது.

இதற்கிடையில் நல்ல ஆராய்ச்சியும் நடக்காமல் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கனவுத் தூக்கம் வழக்கமான தொண்ணூறு நிமிஷத்துக்கு முன்பே வந்துவிடுகிறது என்று பிட்ஸ்பர்க்கில் டேவிட் குப்ஃபர் 1970களில் காட்டினார். எதிர்பாராத சத்தம் ஒன்று கேட்டபின் முந்நூறு மில்லிநொடி வாக்கில் மூளையில் எழும் அலை, மனச்சிதைவு உள்ளவர்களிடம் சிறுத்திருக்கிறது என்பதும் பல நாட்டு ஆய்வகங்களில் உறுதியானது. இரண்டும் நிஜம். ஆனால் முதலாவது வேறு சில மனநோய்களிலும் வருகிறது. இரண்டாவது குடிப்பழக்கத்திலும் மறதி நோயிலும் வருகிறது. நூறு நோயாளிகளின் சராசரி நூறு இயல்பானவர்களின் சராசரியிலிருந்து விலகும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆள் எந்த நூறைச் சேர்ந்தவர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மனநோயில் ஈஈஜியின் சோகமே இதுதான்: வித்தியாசம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் பிடிபடுவதில்லை.

நம் நாட்டிலும் ஒரு ரூபி கதை உண்டு, தலைகீழாக. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த முகுந்தன் உருவாக்கிய ஒரு முறையில், சந்தேக நபர் மின்முனைத் தொப்பியோடு கண்மூடி உட்கார்ந்திருக்க, குற்றத்தைப் பற்றிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அந்தச் செயலை அனுபவித்தவரா, வெறுமனே கேள்விப்பட்டவரா என்று அலையே காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். 2008 ஜூனில் புணேயில் ஒரு கொலை வழக்கில் மாணவி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் இந்தச் சோதனையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழு, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 2010 மே 5ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், ஒருவருடைய சம்மதமில்லாமல் இப்படிப்பட்ட சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைக்குள் இருப்பதை வலுக்கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சொன்ன தீர்ப்பு அது. எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரும் படித்திருக்க வேண்டும். படித்தவர்கள் ரொம்பக் குறைவு.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2010க்குப் பிறகு ஆழ்கற்றல் முறை படத்தில் நாயையும் பூனையையும் பிரிக்கத் தொடங்கியதும், அதே முறையை ஈஈஜியில் போட்டுப் பார்க்கும் வேலை ஆரம்பமானது. முன்பெல்லாம் எந்த அலையைப் பார்க்க வேண்டும் என்று மனிதர் சொல்ல வேண்டும். இதற்கு அது வேண்டாம். ‘இது நோயாளி, இது இயல்பானவர்’ என்று பெயர் எழுதிய பதிவுகளைக் கொட்டினால் வித்தியாசத்தைத் தானே தேடிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. எந்த வித்தியாசத்தைத் தேடிக்கொண்டது என்று அது சொல்லாது என்பதுதான் சங்கடம்.

போலந்தின் வார்சாவில் 14 மனச்சிதைவு நோயாளிகளிடமும் 14 இயல்பானவர்களிடமும் எடுத்து, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் வைத்த பதிவுகள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பலரும் தங்கள் நிரலை அதில்தான் சோதிக்கிறார்கள். 2019இல் அதை வைத்து வந்த ஒரு கட்டுரையில் இரண்டு எண்கள் உண்டு: 98.07 சதவீதம், 81.26 சதவீதம். ஒரே பதிவுகள், ஒரே குழு. முதல் எண் வந்த விதம்: எல்லாப் பதிவையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கலைத்து, ஒரு பங்கைக் கற்கவும் ஒரு பங்கைச் சோதிக்கவும் கொடுத்தார்கள். ஒரே ஆளின் துண்டு இரண்டு பக்கமும் விழுந்திருக்கும். ஈஈஜி அவரவர் கையெழுத்து மாதிரி. பழகிய நோயாளியின் தாளைப் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் இன்னார் என்று எங்களில் பலரும் சொல்லிவிடுவோம். கணினியும் ஆளை அடையாளம் கண்டிருக்கிறது, நோயை அல்ல. இரண்டாவது எண், கற்கும்போது பார்க்காத ஆட்களைக் கொடுத்துச் சோதித்தது. பதினேழு சதவீதம் காற்றில் போய்விட்டது. அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், இரண்டையும் மறைக்காமல் எழுதினார்களே! முதல் வகை எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகும் கட்டுரைகள் ஏராளம்.

ஆட்களைச் சரியாகப் பிரித்துவிட்டாலும் இன்னொன்று நிற்கிறது. பேனாவும் தாளும் இருந்த காலத்தில், நொடிக்கு முப்பது மில்லிமீட்டர் வேகத்தில் தாள் ஓடும். பத்து நொடிக்கு ஒரு பக்கம். முதல் இரண்டு பக்கம் ஓடும்போதே நாங்கள் கேட்பது, ‘என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்பதுதான். டயஸிபாம் வகை தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முன்தலையில் வேகமான பீட்டா அலை புல் முளைத்த மாதிரி நிற்கும். மனச்சிதைவுக்குக் குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு அலை மெதுவாகும், சிலருக்குக் கூர்முனையும் வரும். ஒரு பக்கம் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் நோயாளிகளையும், மறுபக்கம் தெம்பான கல்லூரி மாணவர்களையும் வைத்து வித்தியாசம் கண்டுபிடி என்றால், கணினி மாத்திரையைக் கண்டுபிடிக்கும். சிகரெட்டைக் கண்டுபிடிக்கும். ராத்திரித் தூங்காததைக் கண்டுபிடிக்கும். மருந்துச் சீட்டில் முன்பே எழுதியிருப்பதைப் படிக்க அத்தனை பெரிய கணினி எதற்கு?

அதற்காக எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. வலிப்பு உட்பட வழக்கமான ஈஈஜியைப் படிக்க ஐரோப்பாவில் உருவாக்கி 2023இல் வெளியிட்ட ஒரு நிரல், 30,000க்கும் மேற்பட்ட பதிவுகளில் கற்றது. நிபுணர்களுக்குச் சமமாகப் படிக்கிறது. கண்ணுக்கே தெரிகிற கோட்டை, அனுபவமுள்ளவர்கள் பெயர் எழுதிக் கொடுத்த பின் கற்றுக்கொண்டதால் அது சாத்தியம். மனநோயில் அப்படிப் பெயர் எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ‘மனச்சோர்வு’ என்று டாக்டர் எழுதுவதே நோயாளி சொன்னதைக் கேட்டு எழுதுவது. அதனால் சிலர் கேள்வியையே மாற்றிவிட்டார்கள்: நோய் என்ன என்று கேட்காமல், இந்த மருந்து இவருக்குக் கேட்குமா என்று மட்டும் கேட்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் 2020இல் செர்ட்ராலின் மாத்திரை யாருக்கு வேலை செய்யும் என்பதை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈஈஜியிலிருந்து கணித்துக் காட்டினார்கள். அங்கே ஒப்பீடு வேறு வகை. எல்லோருமே மனச்சோர்வு உள்ளவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டது. நூறு வருஷத்தில் எனக்கு மனசுக்குப் பிடித்த ஒப்பீடு இதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, இதுபோல் மருந்துப் பலனைக் கணிக்கும் ஈஈஜி ஆய்வுகள் எழுபதுக்கு மேற்பட்டவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், இன்னும் நம்பி நோயாளிக்குப் பயன்படுத்த முடியாது, தோற்ற ஆய்வுகள் அச்சுக்கே வருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை, பகுதிநேரமாக இந்த விஷயத்தில்தான் ஆராய்ச்சிப் படிப்பு. போன தீபாவளிக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து, “அத்தை, தொண்ணூத்தி சொச்சம் பெர்சன்ட் வருது” என்றான். ஆள் கணக்கிலா, துண்டு கணக்கிலா என்று கேட்டேன். ரெண்டும் வேறயா என்று என்னைப் பார்த்தான். ஆள் வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பொங்கலுக்குப் பேசும்போது எண்ணைச் சொல்லவே இல்லை. புதிதாக ஆட்களை எடுக்கப் போகிறேன், ஆபீஸில் பசங்கள் நிறையப் பேர் வரத் தயாராக இருக்கிறார்கள் என்றான்.

“உங்க ஆபீஸ் பசங்க ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கி, காலையில மூணு காபி குடிச்சிட்டு வருவாங்க. வார்டுல இருக்கறவர் மாத்திரை போட்டுட்டு எட்டு மணிக்கே படுத்திருப்பார். அப்ப எதைப் பிரிக்கும் உன் கம்ப்யூட்டரு?”

“பின்ன யாரைத்தான் அத்தை எடுக்கிறது?”

நோயாளிக்குத் துணையாக வரும் தம்பி, தங்கை, அக்கா இருக்கிறார்களே, அவர்களைச் சொன்னேன். அதே வீட்டுச் சாப்பாடு, அதே வயது, ஏறக்குறைய அதே ரத்தம். வார்டு வராண்டாவில் பாய் போட்டு அதே அளவு தூக்கம் கெட்டவர்கள். இப்படிச் செய்கிற ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் கம்மி. மாத்திரை விஷயத்துக்கு, மருந்து ஆரம்பிக்காத புது நோயாளிகளாகப் பார்த்து எடு என்றேன். அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம் என்றான். கஷ்டம்தான். கூட வருகிறவர்களை எடுப்பதற்கே எத்திக்ஸ் கமிட்டியில் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம், விண்ணப்பம் போட்டிருக்கிறான்.